திருச்சியிலிருந்து நகர மன்றக் கூட்டத்தில் வாக்களிக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு நகர மன்றத்துக்கு 2024 நவம்பரில் தேர்வானேன். மன்றத்தில் நாங்கள் ஐந்து பேர். மாதத்தின் இரண்டாவது, நான்காவது செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்குக் கூட்டம். திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை செய்யப் போகிறார்கள். ஜூன் நடுவில் கிளம்பினால் ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்ப முடியும். அங்கிருந்தே ஜூமில் எல்லாக் கூட்டங்களிலும் கலந்துகொள்கிறேன் என்று சொன்னேன். அப்படி எல்லாவற்றிலும் முடியாது, அதற்கு எண்ணிக்கை இருக்கிறது என்கிறார் சிட்டி கிளார்க், அதாவது மன்றத்தின் கூட்டங்களையும் ஆவணங்களையும் கவனிக்கும் நகர அதிகாரி. கோவிட் சமயத்தில் எல்லோரும் வீட்டிலிருந்துதானே நடத்தினோம் என்கிறார் சக உறுப்பினர் ஒருவர். இன்னொருவர், அம்மாவின் வீட்டு முகவரியை அஜெண்டாவில் போட்டாக வேண்டும் என்று பயமுறுத்துகிறார். பிப்ரவரியில் காய்ச்சல் வந்தபோது ஒரு கூட்டத்துக்கு வீட்டிலிருந்தே இணைந்தேன். அதுவும் கணக்கில் சேருமா? நடுவில் இணைப்பு போனால் என்ன ஆகும்? இத்தனை நாள் ஊரில் இல்லாவிட்டால் பதவியே போய்விடும் என்றும் சொல்கிறார்களே, உண்மையா?

– பெயர் வேண்டாம், பே ஏரியா

பதில்: அம்மாவின் சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். உங்கள் கிளார்க் சொல்வதுதான் சரி. சக உறுப்பினர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. முகவரி பற்றிச் சொன்னவர் சொல்வது பாதி சரி. பதவி போகும் என்ற பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதைத் தவிர்ப்பது சுலபம்.

முதலில் கோவிட் கதையை முடித்துவிடலாம். 2020 மார்ச்சில் ஆளுநர் நியூசம் போட்ட அவசர ஆணைகள், கூட்டங்கள் பற்றிய பல விதிகளை நிறுத்தி வைத்தன. 2021-ல் ஏ.பி. 361 என்ற சட்டம் வந்து, அவசர நிலை அமலில் இருக்கும்வரை அதே வசதியைத் தொடர அனுமதித்தது. மாநிலத்தின் கோவிட் அவசர நிலை 2023 பிப்ரவரி 28-ல் முடிந்தது. அதோடு அந்த வழியும் மூடிவிட்டது. 'அப்போது செய்தோமே' என்பது இன்றைக்குச் சட்டத்தின் முன் நிற்காது.

இப்போது நிற்பது பிரவுன் சட்டம். ரால்ஃப் எம். பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரில் 1953-ல் வந்தது. நகர மன்றம், கவுண்டி வாரியம், பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம் எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை. இதன் அடிப்படை எளிமையானது. முடிவு எடுக்கும் அறைக்குள் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். உறுப்பினர் ஒருவர் வேறு ஊரில் உட்கார்ந்து வாக்களிக்கிறார் என்றால், அவர் இருக்கும் இடமும் முடிவு எடுக்கும் அறையாகிவிடுகிறது. அந்த அறைக்கும் ஊர்க்காரர் வரலாமா? உங்கள் கேள்விகள் எல்லாமே இந்த ஒன்றில் போய் முடிகின்றன. 'வரலாம்' என்றால் ஒரு வழி. 'வர முடியாது' என்றால் இன்னொரு வழி. முதல் வழியில் எத்தனை முறை என்ற வரம்பு இல்லை, காரணமும் சொல்ல வேண்டாம், ஆனால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டாவதில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஆனால் காரணம் வேண்டும், எண்ணிக்கையும் உண்டு.

முதல் வழி பழையது, கோவிடுக்கு வெகுகாலம் முன்பே இருப்பது. முகவரி பற்றி உங்களைப் பயமுறுத்தியவர் மனதில் இருப்பது இதுதான். இதன்படி நீங்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இணையலாம். ஆனால் நீங்கள் உட்காரும் இடத்தின் முகவரி அஜெண்டாவில் இருக்க வேண்டும். அஜெண்டாவின் ஒரு பிரதியை அந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்பே. அங்கே யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். வந்தவர் பேச விரும்பினால் அங்கிருந்தே பேசவும் வழி வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் நுழைய முடிய வேண்டும். காசு கொடுத்தால்தான், அல்லது எதையாவது வாங்கினால்தான் நுழையலாம் என்ற இடமாக இருக்கக் கூடாது. ஐவரில் குறைந்தது மூன்று பேர் நகர எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லா வாக்கும் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

ஆக, அம்மா வீட்டு வாசலில் உங்கள் நகரத்தின் பெயர் போட்ட நிகழ்ச்சி நிரலை மூன்று நாள் முன்பே ஒட்டி, புதன்கிழமை காலையில் வாசற்கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஆமாம், புதன்கிழமைதான். கோடைக்காலத்தில் உங்கள் செவ்வாய் மாலை 7 மணி திருச்சியில் புதன் காலை 7.30. ஒட்டும் அறிவிப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் போடாவிட்டால், உண்மையிலேயே வர நினைத்தவர் ஒரு நாள் தவறி வருவார். எவர் வரப் போகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். வராமல் போகலாம். வந்திருக்கலாம் என்ற நிலை இருந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. வாசலில் மூன்று படி ஏறித்தான் நுழைய வேண்டும் என்ற ஒன்றை வைத்தே ஒரு தீர்மானத்தை எதிர்க்க முடியும்.

உடம்பு முடியாதவர் படுத்திருக்கும் வீட்டை இப்படிப் பொது இடமாக்க நான் சொல்ல மாட்டேன். அஜெண்டாவில் ஒரு தடவை போன முகவரி இணையத்தில் எப்போதும் இருக்கும். மிகவும் அவசியமான ஒரு கூட்டத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டும் என்றால், படி ஏறாமல் நுழையக்கூடிய ஒரு கூட்ட அறையை அந்தக் காலைக்கு வாடகைக்கு எடுங்கள். வாடகை நீங்கள் கொடுப்பதில் தவறில்லை. வருகிறவரிடம் காசு கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி உங்களுக்குப் பொருந்தும் வழி. 2022-ல் நிறைவேறி 2023 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த ஏ.பி. 2449 சட்டம், 'ஜஸ்ட் காஸ்' (தகுந்த காரணம்) என்ற பெயரில் ஒரு புது வசதியைக் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட எஸ்.பி. 707 அதைத் திருத்தி எழுதியது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது இந்தத் திருத்திய வடிவம்தான். 2030 ஜனவரி 1 வரை இருக்கும். உங்கள் கையில் பழைய வழிகாட்டிக் குறிப்பு ஏதாவது இருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அதில் 'அவசரச் சூழ்நிலை' என்று தனியாக ஒரு வகையும், அதற்கு மன்றம் வாக்கெடுத்து அனுமதி தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இப்போது மருத்துவ அவசரமும் ஜஸ்ட் காஸ் பட்டியலுக்குள்ளேயே வந்துவிட்டது.

இந்த வழியில் உங்கள் முகவரி அஜெண்டாவில் வராது. கதவைத் திறந்து வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாகச் சட்டம் கேட்பது இவை. ஐந்து பேரில் மூன்று பேராவது ஒரே இடத்தில், பொதுமக்கள் வரக்கூடிய, நகர எல்லைக்குள் இருக்கிற அரங்கில் நேரில் இருக்க வேண்டும். மக்கள் வீட்டிலிருந்தே பார்க்கவும் கேட்கவும் அந்த நேரத்திலேயே பேசவும் வசதி இருக்க வேண்டும். நீங்கள் குரலோடு முகமும் தெரிய இணைய வேண்டும். கேமராவை அணைத்துவிட்டுப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது செல்லாது. வாக்கெடுப்பு இங்கேயும் பெயர் கூப்பிட்டுத்தான். எந்தச் சட்டப் பிரிவின்படி நீங்கள் தொலைவிலிருந்து இணைந்தீர்கள் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் கிளார்க்கின் வேலைதான் என்றாலும், குறிப்பு அடுத்த கூட்டத்தில் ஒப்புதலுக்கு வரும்போது நீங்களும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காரணங்கள் எவை? குழந்தையையோ பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ பேரக்குழந்தையையோ உடன்பிறந்தவரையோ வாழ்க்கைத் துணையையோ பராமரிக்க வேண்டிய தேவை, உங்களுக்குத் தொற்று நோய், நேரில் வர முடியாத உடல் அல்லது மனநிலை, அரசு சார்ந்த வேலையாகப் பயணம், குடும்பத்தில் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருப்பது, உங்களுக்கோ குடும்பத்துக்கோ மருத்துவ அவசரம், ராணுவக் கடமை. அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வது முதல் காரணத்திலேயே சந்தேகமின்றி அடங்கும். அம்மா கலிஃபோர்னியாவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

நம்மவர்களுக்கு இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் வரும். மாமியார், மாமனார் சேருவார்களா? சேருவார்கள். இந்த உறவுகளுக்குக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தில் உள்ள விளக்கத்தையே பிரவுன் சட்டமும் எடுத்துக்கொள்கிறது, அங்கே பெற்றோர் என்பதற்குள் துணையின் பெற்றோரும் வருகிறார்கள். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா நேரடியாக வர மாட்டார்கள். சிறு வயதில் பெற்றோர் இடத்தில் இருந்து உங்களை வளர்த்தவர் என்றால் மட்டும் வருவார்கள். 'எனக்கு அம்மா மாதிரி' என்ற பாசம் போதாது. கல்யாணம், காதுகுத்து எவ்வளவு நெருங்கிய உறவானாலும் காரணமாகாது. உங்கள் கம்பெனி வேலையாக பெங்களூர் போவதும் ஆகாது. பயணம் என்று சட்டம் சொல்வது மன்றத்தின் வேலையாகவோ, மாநில அரசு அமைப்பு அல்லது வேறொரு உள்ளாட்சி அமைப்பின் வேலையாகவோ போவதை மட்டுமே. ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு மன்றத்திலும் இருப்பவர்கள் பலர் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. மாதம் ஒரு முறையோ அதற்குக் குறைவாகவோ கூடும் மன்றத்துக்கு ஆண்டுக்கு இரண்டு. மாதம் இரு முறை என்றால் ஐந்து. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் ஏழு. உங்களுக்கு ஐந்து. பிப்ரவரியில் காய்ச்சலோடு இணைந்தது ஜஸ்ட் காஸ் வழியில்தான் இருந்திருக்கும், ஆகவே அதுவும் கணக்கில் சேரும். மீதி நான்கு. காரணம் வேறு வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்; காய்ச்சலுக்கு ஐந்து, அம்மாவுக்கு ஐந்து என்று கிடையாது. ஒரே நாளில் தொடங்கும் கூட்டங்கள் எத்தனை இருந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும் என்பது ஒரு சின்ன சலுகை. மாலை 5.30-க்குப் பொதுமக்கள் இல்லாமல் நடக்கும் மூடிய அமர்வு, 7-க்கு வழக்கமான கூட்டம் என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஆனால் நடுவில் வேறொரு நாளில் சிறப்புக் கூட்டம் போட்டால் அது தனி.

நீங்கள் திருச்சியில் இருக்கும் காலத்தில் ஜூன் கடைசியில் ஒன்று, ஜூலையில் இரண்டு, ஆகஸ்டில் இரண்டு என ஐந்து வருகிறது. பல மன்றங்கள் கோடையில் ஒரு கூட்டத்தை ரத்து செய்துவிடும். உங்கள் மன்றமும் அப்படி என்றால் நான்கு சரியாகப் போய்விடும். இருந்தாலும் நான்கையும் ஆகஸ்டுக்குள் செலவழிக்க வேண்டாம் என்பேன். நவம்பரில் மறுபடி காய்ச்சல் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நிகழ்ச்சி நிரலில் எது வரப் போகிறது என்று நகர மேலாளரிடம் இப்போதே கேளுங்கள். ஜூலை 1-ல் நிதியாண்டு தொடங்கும் நகரங்களில் ஜூன் கடைசிக் கூட்டத்தில் பட்ஜெட் நிறைவேறலாம். அதை விடாதீர்கள். உங்கள் வாக்கு ஒன்றே மூன்றுக்கு இரண்டாக முடிவைத் திருப்பக்கூடிய நில உபயோக மேல்முறையீடு ஏதாவது இருந்தால் அதையும் விடாதீர்கள். பாராட்டுப் பத்திரங்களும், விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேறும் ஒப்புதல் பட்டியலும் மட்டுமே இருக்கும் கூட்டத்துக்கு ஒன்றை வீணாக்க வேண்டாம். அதற்கு முறைப்படி விடுப்பு சொல்லிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து காபி குடியுங்கள்.

விடுப்பு என்றதும் பதவி பற்றிய பயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 36513-ஆம் பிரிவு சொல்வது இது: கடைசியாகக் கலந்துகொண்ட வழக்கமான கூட்டத்திலிருந்து தொடர்ந்து 60 நாள், எல்லா வழக்கமான கூட்டங்களுக்கும் அனுமதியில்லாமல் வராமல் இருந்தால் அந்த இடம் காலியாகிவிடும். மாதம் ஒரு முறையோ அதற்குக் குறைவாகவோ கூடும் மன்றத்துக்கு 70 நாள். இதில் 'அனுமதியில்லாமல்' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இரண்டரை மாதம் போகிறீர்கள், ஒரு கூட்டத்திலும் இணையாமல், அனுமதியும் வாங்காமல் இருந்தால் நிஜமாகவே ஆபத்து. நடுவில் முறைப்படி இணைந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அப்படி இருந்தும் அனுமதியை வாங்கிவிட்டே போங்கள். இணைப்பு கிடைக்காமலோ, கூட்டம் ரத்தாகியோ உங்கள் திட்டம் தவறினால் அந்த அனுமதிதான் காப்பாற்றும். உங்களைப் பிடிக்காதவர் யாராவது நாள் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடும். அரசியலில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணைப்பு போனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. உங்கள் பக்கத்து இணைப்பு மட்டும் போனால் கூட்டம் நிற்காது. அரங்கில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் தொடர்வார்கள். அந்த நேரத்து வாக்கில் நீங்கள் இல்லாதவராகப் பதிவாவீர்கள், அவ்வளவுதான். ஆனால் பொதுமக்கள் பார்க்கும், பேசும் இணைப்பு அறுந்தால் கதை வேறு. நீங்கள் ஜஸ்ட் காஸ் வழியில் இணைந்திருக்கும் கூட்டத்தில் அது சரியாகும்வரை மன்றம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதாவது உங்கள் ஒருவருக்காகத் திறந்த வழியால் மற்ற நால்வரும் கட்டுப்படுகிறார்கள். சக உறுப்பினர்கள் சிலர் முணுமுணுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் இனி அந்த முணுமுணுப்புக்கு அர்த்தம் குறையும். 30,000-மோ அதற்கு மேலோ மக்கள் தொகை உள்ள நகரங்களின் மன்றங்கள், உறுப்பினர்கள் எல்லோரும் நேரில் இருந்தாலும்கூட, 2026 ஜூலை 1 முதல் மக்கள் தொலைபேசியிலோ வீடியோவிலோ கலந்துகொள்ள வசதி செய்தாக வேண்டும். இணைப்பு தடைபட்டால் என்ன செய்வது என்று ஒரு கொள்கையையும் திறந்த கூட்டத்தில் நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும். உங்கள் நகரம் இதில் வரும் என்றே நினைக்கிறேன். அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

திருச்சிப் பக்கத்து ஏற்பாட்டைப் பற்றியும் கொஞ்சம். கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்கும் முன், நீங்கள் இருக்கும் அறையில் 18 வயதோ அதற்கு மேலோ ஆன வேறு யாராவது இருக்கிறார்களா என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருந்தால் அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் பொதுவாகச் சொல்ல வேண்டும். 'என் தாயார் இந்த அறையில் இருக்கிறார்' என்றால் போதும். நம் வீடுகளில் காலை 7.30-க்கு ஓர் அறை எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். பால்காரர் மணி அடிப்பார், அத்தை எட்டிப் பார்ப்பார், வேலைக்கு வருபவர் துடைக்க வந்து நிற்பார். முடிந்தவரை கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். பாதியில் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் அடுத்த வாக்குக்கு முன் அதையும் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவமனை அறையிலிருந்து இணைவதைத் தவிருங்கள். நர்ஸ், டாக்டர் என்று வந்து போகிறவர்களை யாராலும் கணக்கு வைக்க முடியாது.

மூடிய அமர்வு என்றால் இன்னும் கண்டிப்பு. வழக்குகள், நில விலைப் பேச்சு, ஊழியர் விவகாரம் போன்றவை அங்கே வரும். அந்த ரகசியத்தை வெளியிடுவது பிரவுன் சட்டப்படியே நடவடிக்கைக்கு உரியது. ஆங்கிலம் புரியாத பாட்டிதானே என்று நினைத்துக்கூட யாரையும் அறையில் வைக்காதீர்கள். காதில் ஹெட்போன், தாழிட்ட கதவு, தனி அறை. அது முடியாத நாளில் மூடிய அமர்வை விட்டுவிட்டு பொதுக் கூட்டத்தில் மட்டும் இணையுங்கள். நகரம் கொடுத்த லேப்டாப்பை வெளிநாடு கொண்டுபோகலாமா என்பதை ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில நகரங்கள் வெளிநாட்டிலிருந்து தங்கள் கணினி அமைப்புக்குள் நுழைவதையே தடுத்து வைத்திருக்கும். அதைப் புதன் காலை 7.20-க்குக் கண்டுபிடிக்க வேண்டாம்.

கூட்டம் நடக்கும்போது சக உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாதீர்கள். நேரில் இருந்தால் யாரும் காதில் கிசுகிசுக்க மாட்டார்கள், அரங்கமே பார்க்கும். தொலைவில் இருக்கும்போது கை தானாக போனுக்குப் போகும். ஐவரில் மூவர், ஒருவர் மூலம் ஒருவராகவாவது, மன்ற விஷயத்தைக் கூட்டத்துக்கு வெளியே பேசிவிட்டால் அது சட்ட விரோதக் கூட்டம். சமூக ஊடகத்தில் இன்னும் இறுக்கம்: மன்ற விஷயம் பற்றிச் சக உறுப்பினர் போட்ட பதிவுக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் எமோஜி போடுவதுகூடக் கூடாது. இதே காரணத்தால்தான், யார் யார் எந்தக் கூட்டத்துக்கு நேரில் இருப்பார்கள் என்று நீங்களே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்காமல் கிளார்க் மூலமாகவே கேளுங்கள் என்கிறேன். கேட்டாக வேண்டிய விஷயம்தான் அது. நீங்களும் இன்னொருவரும் தொலைவில் இருக்கும் நாளில் மீதி மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) கிடையாது, கூட்டமும் கிடையாது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்கள் மன்றத்தில் யாருக்காவது பயன்படலாம். உடல் குறைபாடோ நீண்ட நாள் நோயோ காரணமாக நேரில் வர முடியாத உறுப்பினர், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின்படி நியாயமான ஏற்பாடாகத் தொலைவிலிருந்து இணையக் கேட்டால், அவருக்கு இந்த ஐந்து, ஏழு கணக்கு எதுவும் இல்லை. 2024-ல் மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துரையாகச் சொன்னதை எஸ்.பி. 707 சட்டத்திலேயே எழுதிவிட்டது. அவர் தொலைவில் இருந்தாலும் நேரில் வந்ததாகவே கொள்ளப்படும், கோரத்துக்கும் சேரும். உடல்நிலை காரணமாகத் தேவைப்பட்டால் கேமரா இல்லாமலும் இணையலாம். ஆனால் இது உறுப்பினரின் சொந்த உடல்நிலைக்கு மட்டும். அம்மாவின் உடல்நிலையைக் காட்டி இந்த வழியில் போக முடியாது.

இவ்வளவையும் மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, யாராவது கவனிக்கும்வரை. கவனித்தவர் 90 நாளுக்குள் எழுத்து மூலம் 'இந்த முடிவைச் சரிசெய்யுங்கள்' என்று கேட்கலாம். திறந்த கூட்டத்தில் எடுத்த முடிவாக இருந்து, குறை அஜெண்டாவில் என்றால் அந்தக் கெடு 30 நாள். மன்றம் 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அவர் நீதிமன்றம் போகலாம். முடிவே செல்லாது என்று ஆகலாம், அவருடைய வக்கீல் செலவும் நகரத்தின் தலையில் விழலாம். மக்களுக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணத்தோடே செய்தால் குற்ற வழக்கும் வரும், ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டெண்டரில் தோற்ற ஒப்பந்ததாரரின் வக்கீல் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டைகளைத்தான்.

இதைப் படிக்கும் மற்ற மாநிலத்துக்காரர்கள், வேறு நாட்டுக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லினாயில் கோரம் நேரில் இருந்தால்தான் மற்றவர் நோய், வேலை, குடும்ப அவசரம் போன்ற காரணங்களுக்காகத் தொலைவிலிருந்து சேரலாம். நியூயார்க்கில் அந்தந்த அமைப்பு முன்கூட்டியே உள்ளூர்ச் சட்டமோ தீர்மானமோ போட்டு நடைமுறை விதியை எழுதியிருந்தால்தான் முடியும். இங்கிலாந்தில் கோவிட் காலச் சலுகை 2021 மே 7-ல் முடிந்தது, அதை நீட்டிக்க நீதிமன்றத்துக்குப் போனதும் பலிக்கவில்லை. பக்கத்து வேல்ஸ் அதே ஆண்டில் நிரந்தரச் சட்டமே போட்டுக்கொண்டது.

மறுபடி உங்களுக்கு. நான் இதுவரை சொன்னது மாநிலச் சட்டம் அனுமதிக்கும் எல்லை. அனுமதிக்கிறதே தவிர, உங்கள் மன்றத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. சில மன்றங்கள் தங்கள் நடைமுறை விதியில் இதைவிட இறுக்கமாக வைத்திருக்கின்றன. ஆகவே முதலில் நகரத்தின் வக்கீலான சிட்டி அட்டர்னியிடம் உள்ளூர் விதியைக் கேளுங்கள். அப்புறம் கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல்: இந்தந்தத் தேதிக் கூட்டங்களில், பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய தேவையால், ஜஸ்ட் காஸ் வழியில் தொலைவிலிருந்து இணைகிறேன் என்று. நோயின் பெயர், மருத்துவமனை, டாக்டர் சீட்டு எதுவும் எழுத வேண்டாம். பொதுவான விளக்கம் போதும். அறிவிப்பை முடிந்தவரை சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். கூட்டத்தின் தொடக்கத்தில் சொன்னாலும் செல்லும் என்றாலும், தெரிந்தே போகிற பயணத்துக்கு அப்படிச் செய்தால் நன்றாக இருக்காது. மின்னஞ்சலோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் அந்த ஒரு வரியை மறுபடி வாயால் சொல்லுங்கள்.

இணையாமல் விடப் போகும் கூட்டங்களுக்கான விடுப்பு அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் மன்றத்தில் அது தீர்மானமாக வர வேண்டும் என்றால் நீங்கள் கிளம்பும் முன் நடக்கும் ஜூன் இரண்டாவது செவ்வாய்க் கூட்டத்தின் அஜெண்டாவிலேயே இருக்க வேண்டும், அந்த அஜெண்டாவோ அதற்கு 72 மணி நேரம் முன்பே ஒட்டப்பட்டுவிடும். கிளார்க்கிடம் மே மாதமே சொல்லிவிடுங்கள்.